நரிக்குடாவின் மேல்படுக்கை

கப்பலில் சமைக்கிறவளுக்குக் கரை கிடையாது. பயணிகள் பன்னிரண்டு பேரும் ரப்பர் படகில் ஏறிப் போய், நீண்ட தந்தமுள்ள வால்ரஸ்களைப் பார்த்துவிட்டு, மூக்கு சிவக்கப் பசியோடு திரும்பும்போது சூப் தயாராக இருக்க வேண்டும். அவர்கள் போயிருக்கும் நேரத்தில்தான் அதைச் செய்ய முடியும். இப்படியே தோருன் ‘தேர்னா’ கப்பலில் ஒன்பது கோடைகளைக் கழித்துவிட்டாள். வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுகளில், மலைகளுக்கு நடுவே கடல் நுழையும் ஃபியோர்டுகளில், அவள் பார்க்காதது இல்லை. எல்லாம் சமையலறையின் வட்ட ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான்.

அதனால் அன்று காலை அவள் மேல்தளத்தில் குந்தி உட்கார்ந்து பூட்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கப்பலே வேடிக்கை பார்த்தது. கரையில் இறங்குகிறவர்களின் பூட்ஸில் ஒரு விதையோ மண்துகளோ ஒட்டியிருக்கக் கூடாது என்பது சட்டம். ஒருமுறை கழுவினால் போதும். அவள் மூன்றாவது முறையாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“போதும் தோருன், தோல் உரிஞ்சுடப் போகுது,” என்றான் கேப்டன் யோஸ்டைன். “குடிசைக்குப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?”

“என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு தேய்க்கல. அதான் அது நிலைக்கல.”

“சூப்பை நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியாப் போயிட்டு வா.”

“நீ பக்கத்துல போகாம இருந்தாலே போதும். நீ கிண்டினா மீன் எந்திரிச்சு மறுபடி கடல்ல குதிச்சுடும்.”

வாய் இப்படிப் பேசிக்கொண்டிருந்ததே தவிர, அவள் கை நான்காவது முறையாகப் பூட்ஸைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தது. யோஸ்டைன் அதைக் கவனித்தான். கவனித்ததைக் காட்டிக்கொள்ளாமல் காப்பிக் கோப்பையோடு சுக்கான் அறைக்குள் போய்விட்டான். நல்ல மனுஷன்.

கப்பல் நின்றிருந்த இடம் நரிக்குடா. எதிரே பனியாறு, அதன் இடப்பக்கம் கூழாங்கல் கரை, கரைக்கு மேல் தார்த்துணி போர்த்திய ஒரு குடிசை. ஐம்பத்துநான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குடிசையில்தான் தோருன் ஒரு குளிர்காலம் முழுக்க வாழ்ந்தாள். அப்பா நரிக்குப் பொறி வைக்கிறவர். ஒரு செப்டம்பரில் அப்பா, அம்மா, ஒன்பது வயது அண்ணன் ஐலிஃப், ஏழரை வயது தோருன், நான்கு நாய்கள் எல்லாரையும் மாவு மூட்டைகளோடு இறக்கிவிட்டுக் கடைசிக் கப்பல் தெற்கே போனது. அது திரும்பி வர அடுத்த ஜூலை ஆனது.

ஒரே அறை, அதில் ஓர் இரும்பு அடுப்பு. அடுப்புக்கு எதிரே பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு பலகைப் படுக்கைகள். இந்த இரண்டு பலகைகளை வைத்துக்கொண்டுதான் அண்ணனும் தங்கையும் அரை நூற்றாண்டு சண்டை போட்டார்கள்.

மேல்படுக்கையில் சூடு தங்கும். கீழ்ப்படுக்கையில் சுவரோரம் உறைபனி பூத்துவிடும். மேலே படுத்தது நான்தான் என்று தோருன் சொல்வாள். இல்லை, நான்தான் என்று ஐலிஃப் சொல்வான். சூரியனே வராத மாதங்களில் கூரைப் பலகையில் ஆணியால் நாளுக்கு ஒரு கோடு கீறி, கடைசியில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டதாக இரண்டு பேருமே சொன்னார்கள். இரண்டு பேருக்கும் அந்த ஆணியின் வளைவுகூட நினைவிருந்தது. ஒருவர் பொய் சொல்லியாக வேண்டும். ஆனால் இரண்டு பேருமே பொய் சொல்லத் தெரியாதவர்கள்.

“உன் பின்னல் சுவத்துல உறைஞ்சு ஒட்டிக்கிச்சு. அம்மா வெந்நீர் ஊத்தித்தானே எடுத்தாங்க? மேல படுத்தவளுக்கு எப்படி ஒட்டும்?” என்பான் ஐலிஃப்.

“அது உன் போர்வைடா. என் பின்னல் இல்ல. உனக்கு அப்பவே ஞாபகமறதி.”

அம்மாவைக் கேட்டுப் பார்த்தார்கள். “உங்க ரெண்டு பேரையும் உயிரோட கொண்டுவந்து சேக்கறதே எனக்குப் பெரிய பாடா இருந்துச்சு. இதுல யாரு மேல, யாரு கீழன்னு வேற பாத்துக்கிட்டு இருந்தேனாக்கும்,” என்று அவள் எழுந்து போய்விட்டாள். ஞானஸ்நான விருந்து, ஐம்பதாவது பிறந்தநாள், அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தில் கொடுத்த காப்பி, எதுவும் பாக்கியில்லை. ஒரு கிறிஸ்துமஸ் இரவு ஆட்டு விலா தட்டில் ஆறிக்கொண்டிருக்க இரண்டு பேரும் கத்திய கத்தலில் ஐலிஃபின் மனைவி ஹெர்டிஸ் மேசையைத் தட்டினாள்.

“போய்ப் பாத்துத் தொலைங்களேன்! ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து போகணும். ஒருத்தர் தனியாப் போயிட்டு வந்து சொல்றதை நான் நம்பமாட்டேன்.”

அன்றைக்கு ஒப்பந்தம் ஆயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும். அதுவரை ஒருவரும் தனியாகப் பார்க்கக் கூடாது. அடுத்த கோடையில் போகலாம் என்றான் ஐலிஃப். தெற்கே த்ரோம்சோ ஊரில் அவனுக்குப் படகு எஞ்சின் பட்டறை. கோடையில்தான் எல்லா எஞ்சினும் பழுதாகும். அடுத்த கோடை, அதற்கடுத்த கோடை என்று இருபது வருஷத்துக்கு மேல் ஓடிப்போயிற்று.

இதற்கிடையில் தோருன் இந்தக் கப்பலில் சேர்ந்தாள். இரண்டு முறை கப்பல் நரிக்குடாவிலேயே நங்கூரம் போட்டது. இரண்டு முறையும் அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாவு பிசைந்தாள். ஊர் திரும்பியதும் போன் செய்தாள்.

“நரிக்குடால நின்னோம் ஐலிஃப்.”

“பாத்தியா?”

“திரும்பிக்கூடப் பாக்கல.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மறுமுனையில் அவன் சிரித்த சிரிப்பு இப்போதும் அவள் காதில் இருக்கிறது. ஒரு பெரிய மனுஷன் அப்படிச் சின்னப் பையன் மாதிரி சந்தோஷப்பட்டு அவள் கேட்டதில்லை.

போன பிப்ரவரியில் ஐலிஃப் இறந்துபோனான். கணையத்தில் புற்று, கண்டுபிடித்ததிலிருந்து பதினோரு வாரம். அடக்கம் முடிந்து எல்லாரும் கையுறைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது ஹெர்டிஸ் தோருனின் மணிக்கட்டைப் பிடித்தாள். “இனி நீ தனியாவே போகலாம். போய்ப் பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லு,” என்றாள்.

இந்தக் கோடையை விட்டால் வேறு கோடை இல்லை. அடுத்த ஆண்டிலிருந்து கப்பல்கள் ஆளை இறக்கலாம் என்ற இடங்களின் பட்டியலில் நரிக்குடா இல்லை. கரடிகளுக்கும் பறவைகளுக்கும் தொல்லை கூடாது என்பதற்காக. தோருனுக்கு அதில் வருத்தமில்லை. யாராவது கேட்டிருந்தால் அவளே கையெழுத்துப் போட்டிருப்பாள். குடிசை பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. ஆளுநர் அலுவலகத்துக்கு அவள் எழுதிய கடிதத்தைப் படித்த புண்ணியவதி யாரோ, ஒரு மணி நேரத்துக்கு என்று சொல்லிச் சாவியைக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

கரையில் இறங்குவதற்கு முன்னால் கரையைத் துழாவ வேண்டும். கப்பலில் யாரெல்லாம் சும்மா நிற்கிறார்களோ அவர்கள் எல்லாரும் தொலைநோக்கியை எடுத்துக் கரடி தேடுவார்கள். பயணியோ, எஞ்சின்காரனோ, சமையல்காரியோ, யார் பார்த்தாலும் உடனே குரல் கொடுக்க வேண்டும். கரடி என்று ஒருவர் சொல்லிவிட்டால், அது தானாகப் போகும்வரை அந்தக் கரையில் யாரும் இறங்க முடியாது. அதில் பேச்சுக்கே இடமில்லை.

வழிகாட்டி வில்டே அரைமணி நேரமாகத் துழாவிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயது, முதுகில் துப்பாக்கி, கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்வை. இந்தக் குடாவுக்கு இப்போதுதான் முதல்முறை வருகிறாள்.

“பனியாத்து விளிம்புல ஒண்ணுமில்ல. கரை முழுக்க சுத்தம். மேட்டுல மூணு பனிமான் மேயுது, சாவகாசமா,” என்றாள் வில்டே. “குடிசையோட வலப்பக்கச் சுவரடியில ஒரு பனித்திட்டு, அவ்வளவுதான். தோருன், உன் வீடு உனக்காகக் காத்திருக்கு. முதல் படகுல நீதான்.”

தோருன் கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியை எடுத்தாள். ஒப்பந்தம் முடிந்துபோன பிறகும் குடிசையின் பக்கம் திருப்பக் கை கூசியது. திருப்பினாள். கதவு, புகைக்குழாய், ஒற்றை ஜன்னல். எல்லாம் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தன. பிறகு பார்வை வலப்பக்கச் சுவரடிக்குப் போனது. வில்டே சொன்ன பனித்திட்டு அங்கே இருந்தது. கொஞ்சம் அழுக்கு வெள்ளை. மேட்டிலும் அதே மாதிரி நாலைந்து திட்டுகள் கிடந்தன. யார் பார்த்தாலும் பனி என்றுதான் சொல்வார்கள்.

தோருனால் மட்டும் சொல்ல முடியவில்லை. அது தெற்குச் சுவர். ஜூன் பிறந்தால் அந்தச் சுவரடியில்தான் அம்மா துணி காயப்போடுவாள். அங்கே கிடக்கும் கறுப்புக் கற்கள் சூரியனை வாங்கி வாங்கிச் சுடும். அண்ணனும் தங்கையும் அதில் வெறும் காலை வைத்து யார் அதிக நேரம் தாக்குப்பிடிப்பது என்று போட்டி போட்டிருக்கிறார்கள். குடாவில் முதலில் பனி உருகுவது அங்கேதான். ஆகஸ்டில் அங்கே பனி கிடக்கவே முடியாது.

அது கரடி. தூங்குகிறது.

இது தெரிந்த ஒரே ஆள் அந்தக் கப்பலில் அவள்தான். உலகத்திலேயே அவள் ஒருத்திதான். அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை; இன்னொருவன் பிப்ரவரியில் போய்விட்டான்.

அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் மனசு என்னவெல்லாம் வக்கீல் வேலை பார்த்தது! வில்டே முதலில் இறங்கிச் சுற்றிப் பார்க்கத்தானே போகிறாள், அவளே கண்டுபிடித்துவிடுவாள். சத்த வெடி வைத்திருக்கிறாள். ஒரு வெடி போட்டால் கரடி எழுந்து ஓடிவிடும். ஓடியபின் குடிசை காலியாகிவிடும். தான் பார்த்தது யாருக்குத் தெரியப்போகிறது? சமையல்காரியின் கண்ணை நம்பியா கப்பல் ஓடுகிறது?

ஆனால் ஓடாத கரடியையும் அவள் பார்த்திருக்கிறாள். அந்த வருஷம் ஏப்ரலில், இதே குடிசை வாசலில். ஜன்னல் வழியாக முதலில் பார்த்தவள் அவள்தான். “அப்பா, கரடி!” என்று பெருமையாகக் கூவினாள். அப்பா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். கரடி ஓடவில்லை. தலையை ஒருபக்கமாகச் சாய்த்து அப்பாவைப் பார்த்தது, இவர் யார் என்று கேட்கிற மாதிரி. பதினைந்து அடியில் அப்பா சுட்டார். அப்போது அதுதான் அவர் தொழில். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் சண்டை போட்ட அண்ணனும் தங்கையும் இதைப் பற்றி மட்டும் ஒருநாளும் பேசியதில்லை. யார் கூவியது என்று ஐலிஃபுக்கு நன்றாகத் தெரியும். ஐம்பது வருஷச் சண்டையில் எத்தனையோ முறை தோற்கப்போன நேரத்திலும் அவன் அதை எடுத்து வீசியதில்லை.

“கரடி,” என்றாள் தோருன்.

“எங்க?” என்று திரும்பினாள் வில்டே.

“தெக்குச் சுவரடியில. அது பனி இல்ல.”

“பனி மாதிரித்தான் இருக்கு.”

“அங்க பனி நிக்காது வில்டே. எங்கம்மா துணி காயப்போட்ட இடம் அது.”

வில்டே மறுபடி தொலைநோக்கியை உயர்த்தினாள். வெகுநேரம் அசையாமல் பார்த்தாள். பனித்திட்டு ஒரு காலை நீட்டி மடக்கியது. வில்டேயின் முகத்தில் ரத்தம் வற்றியது. ஒரு படகு ஆட்களை அழைத்துக்கொண்டு நேராக அதன் மேலேயே ஏறியிருப்பாள். சற்று நேரத்தில் அந்த வெள்ளைக்குப் பின்னாலிருந்து இன்னொரு தலை எட்டிப் பார்த்தது. சின்னத் தலை. குட்டியோடு இருக்கும் தாய்.

பயணிகளுக்குக் கொண்டாட்டம். பாதுகாப்பான தூரத்தில் நின்றுகொண்டு மேல்தளத்திலிருந்தே தாயும் குட்டியும் பார்க்கக் கிடைத்துவிட்டன. ஒருவர் விரல் நுனியால் கைதட்டினார், சத்தம் போடக் கூடாதே என்று. சமையல்காரியின் கண்ணைப் புகழ்ந்து தள்ளினார்கள். தோருன் ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் கொண்டுவந்து வைத்தாள். “பிரமாதம் தோருன், எப்படிக் கண்டுபிடிச்ச?” என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். “சும்மா, பழக்கம்,” என்றாள்.

யோஸ்டைன் காத்திருந்தான். அவை தாமாகக் கிளம்பிப் போனால் பார்க்கலாம் என்று அரைமணி, பிறகு இன்னும் அரைமணி. தாய் ஒருமுறை எழுந்தது. அது கொட்டாவி விட்டு, கதவின் ஓரத்தில் முதுகைத் தேய்த்துச் சொறிந்துகொண்டு, சொந்த வீடு மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி வந்து பழைய இடத்திலேயே படுத்துவிட்டது. குட்டி அதன் வயிற்றில் சரிந்தது.

“வாடகைக்கு விட்டிருக்கியா?” என்றான் யோஸ்டைன், அவளைச் சிரிக்க வைக்க.

“காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் குடு,” என்றாள் அவள். சிரிப்பு வரவில்லை.

மதியத்துக்குமேல் வடக்குக் காற்று எழுந்தது. குடாவின் வாயில் மிதந்துகொண்டிருந்த பனிப்பாளங்கள் ஒவ்வொன்றாக உள்ளே நகர ஆரம்பித்தன. கோடையின் கடைசிப் பயணம் இது; மறுநாள் பயணிகளுக்கு விமானம். யோஸ்டைன் சமையலறைக்கே வந்து கதவில் சாய்ந்து நின்றான். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தொப்பியை எடுத்து எடுத்து மாட்டினான்.

“பத்து நிமிஷம் நீ பேசாம இருந்திருந்தா...” என்று இழுத்தான்.

“தெரியும்.”

“நான் உன்னைக் குத்தம் சொல்லல.”

“தெரியும் யோஸ்டைன். நங்கூரத்தை எடு. பனி மூடிக்கிச்சுன்னா இந்தப் பன்னண்டு பேருக்கும் அடுத்த ஜூலை வரைக்கும் நான்தான் ஆக்கிப்போடணும்.”

சங்கிலி மேலேறும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. இந்தத் தடவை அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டவில்லை. கப்பல் திரும்பி, குடிசை பாறைக்குப் பின்னால் மறையும்வரை நின்று பார்த்தாள். உள்ளே அந்தப் பலகைகள் அப்படியே இருக்கும். கோடுகள் இருக்கும். கோடுகளுக்கு அடியில் ஓர் எழுத்து இருக்கும். இனி அதை யாரும் படிக்கப்போவதில்லை. நியாயமானதைச் செய்தோம் என்ற நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். ஒரு மண்ணும் வரவில்லை. உருளைக்கிழங்கை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை ஊர் நெருங்க நெருங்க போனில் சிக்னல் வந்தது. தோருன் மேல்தளத்தில் காற்றுக்கு மறைவாக நின்று ஹெர்டிஸைக் கூப்பிட்டாள். கரடிக் கதையை முழுசாகச் சொல்லிவிடத்தான் போன் செய்தாள்.

“பாத்தியா?” என்றாள் ஹெர்டிஸ், ஹலோகூடச் சொல்லாமல்.

அந்த ஒரு வார்த்தையில் ஆறு மாதம் காத்திருந்தது தெரிந்தது. காலியான வீட்டில், போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு. தோருன் சொல்ல வந்ததை விழுங்கினாள்.

“பாத்தேன்.”

“யாரு?”

“ஐலிஃப்தான்,” என்றாள் தோருன். அறுபத்தோரு வயதில் அவள் சொன்ன முதல் பெரிய பொய். “அவன் எழுத்துதான் இருந்துச்சு. கோடுகூட அவன் சொன்ன மாதிரியே. மேல படுத்தது அவன்தான் ஹெர்டிஸ். நான்தான் கீழ.”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“நீ உள்ளயே போகல, இல்ல?” என்றாள் ஹெர்டிஸ்.

“ஏன் அப்படிக் கேக்கற?”

“கடைசி வாரத்துல ஐலிஃப் எங்கிட்ட சொல்லிட்டாரு. மேல படுத்தது தோருன்தான்னு. அவருக்கு எப்பவோ தெரியுமாம், வருஷக்கணக்கா. ‘அவகிட்ட சொல்லிடாத, ஒத்துக்கிட்டேன்னா அவ போன் பண்றதை நிறுத்திடுவா’ன்னாரு. நீயே போய்ப் பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்னுதான் நான் பேசாம இருந்தேன். இப்ப நீ அவர்தான்ங்கற. ரெண்டு பேருல யாரை நான் நம்பறது?”

தோருனுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. ஐம்பது வருஷம் ஒரு அங்குலம் இறங்கி வராதவன், சாகப்போகிற நேரத்தில் இப்படி ஒரு தில்லுமுல்லு பண்ணியிருக்கிறான். ஜெயித்த மாதிரியே இல்லை. ஆட்டத்தின் நடுவே யாரோ மேசையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போன மாதிரி இருந்தது.

“பொய்!” என்று கத்தினாள். மேல்தளத்தில் நின்ற பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். “பச்சைப் பொய் ஹெர்டிஸ்! அவனுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா விட்டுக்குடுத்திருக்கான், எனக்குப் பிச்சை போடற மாதிரி. போனை அவன்கிட்ட குடு, நான் கேக்கறேன்!”

சொல்லி முடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. ஹெர்டிஸ் போனை வைக்கவில்லை. தோருனும் வைக்கவில்லை. கப்பல் துறைமுகத்தில் கட்டி, பயணிகள் பெட்டிகளோடு இறங்கிப் போகும்வரை இரண்டு பேரும் அப்படியே அழுதுகொண்டிருந்தார்கள்.